மருமகளுக்கு அனுப்பிய ஜீப்

எருத்தேம்பதி,
27-5-2023

மரியாதைக்குரிய செல்லத்துரை அவர்களுக்கு,

எருத்தேம்பதி அர்த்தநாரி எழுதுவது. இங்கே நானும் மனைவி பூவாத்தாளும் சௌகரியம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும், முக்கியமாக மாரீஸ்வரியும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன தீபாவளிக்கு நாம் போனில் பேசிய அழகு உங்களுக்கும் மறந்திருக்காது. நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கடைசியில் யார் முதலில் கட் பண்ணியது என்று என் மகன் பிரதீப்பிடம் தனிப் பஞ்சாயத்து வேறு நடந்தது. காகிதத்தில் எழுதினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே புகுந்து பேச முடியாது, அதனால் எழுதுங்கள் என்று யோசனை சொன்னது உங்கள் மகள்தான். என் மருமகள் என்றும் சொல்லலாம்.

கல்யாணத்துக்கு நாங்கள் வராதது பற்றி இதில் எழுதப் போவதில்லை. ஆரம்பித்தால் இதுவும் அந்தப் போன் மாதிரி ஆகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்கு மாரீஸ்வரியை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். முறைதான். ஆனால் மழை பிடித்துவிட்டால் சின்னக்கானலிலிருந்து மூணாறு ஆஸ்பத்திரிக்கு நினைத்த நேரத்தில் வண்டி கிடைக்காது என்று பிரதீப் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து பூவாத்தாள் என்னைச் சும்மா விடவில்லை. "ஏனுங்க, ஜீப்பு தோட்டத்துல சும்மாதானுங்க நிக்குது. புள்ளத்தாச்சிக்கு ஆகாத வண்டி நமக்கு என்னத்துக்குங்க?" என்று காலையில் காப்பியோடு ஒரு தடவை, சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு தடவை.

எனவே ஜீப்பைப் பிரதீப்பிடம் கொடுத்து அனுப்புகிறேன். 96-இல் வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் நிற்காது. பழசு என்று லேசாக நினைக்க வேண்டாம், என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. பார்த்துப் பக்குவம் பண்ணித்தான் அனுப்புகிறேன். திருப்பித் தர வேண்டியதில்லை.

மாரீஸ்வரியிடம் பூவாத்தாள் விசாரித்ததாகச் சொல்லவும். நானும் விசாரித்தேன்.

இப்படிக்கு,
ப. அர்த்தநாரி


சின்னக்கானல்,
6-6-2023

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

செல்லத்துரையின் வணக்கம். நீங்கள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி, நான் சம்பந்தி என்றுதான் எழுதுவேன். காகிதத்தில் குறுக்கே புகுந்து தடுக்க முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வண்டி வந்து சேர்ந்தது. எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் பிரதீப் மாப்பிள்ளை அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக் கதவும் திறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் இல்லை. என் வீட்டுக்காரி மூக்கம்மாள் ஆரத்தி கரைத்து வந்து நேரே வண்டிக்குச் சுற்றினாள், மாப்பிள்ளையை மறந்துவிட்டாள். "பொண்ணக் குடுத்த எடத்துல இருந்து நமக்குச் சீரு வருதே, இது எந்த ஊர் வழக்கம்?" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு நாலு வார்த்தை நன்றாகப் பேச வராது. முப்பது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறேன், ஸ்டீயரிங் பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவளுக்காக இன்னொரு வீட்டில் ஒருவர் தூக்கம் கெடுகிறார் என்று தெரிந்தால் பெற்றவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ரொம்ப நன்றி.

இனி எழுதப்போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரேக் கொஞ்சம் பிடி குறைவாக இருக்கிறது. சனிக்கிழமை மழைத் தூறலில் மூணாறுக்கு இறங்கினேன். தேவிகுளம் இறக்கத்தில் ஒரு வளைவு. மிதிக்கிறேன், பெடல் கல்லாட்டம் நிற்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, பக்கத்து மண் திட்டில் மெதுவாகச் சாய்த்து நிறுத்திவிட்டேன். பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். நான் மட்டும்தான் இருந்தேன், கவலைப்படாதீர்கள்.

அங்கே ஓட்டும்போது இப்படி இருந்ததா? பிரேக் லைனிங் எப்போது மாற்றினீர்கள்? தெரிந்தால் குறையைத் தேடிப் பிடிக்க எனக்குச் சுலபம். பிரசவத்துக்கு ஜூலை கடைசி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்குள் சரி செய்துவிட வேண்டும்.

உங்கள் சம்பந்தி,
செல்லத்துரை


எருத்தேம்பதி,
13-6-2023

மரியாதைக்குரிய செல்லத்துரை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் படித்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பக்கம் படித்த பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இத்தனை வருஷத்தில் அந்த ஜீப்பின் பிரேக்கை ஒருவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வேலந்தாவளம் சந்தைக்குப் போயிருக்கிறேன், நினைத்த இடத்தில் நிற்கும். நீங்கள் லாரி ஓட்டிப் பழகியவர். லாரிக்கு மிதிக்கிற மிதி வேறு, ஜீப்புக்கு வேறு. இதை நான் தப்பாகச் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து பூவாத்தாளிடம் படித்துக் காட்டினேன். "அவிய புள்ளைக்காகக் கேக்கறாங்க, நீங்க ஜீப்புக்காகப் பேசறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கு மேல் எனக்கும் யோசனை வந்தது. இங்கே எங்களுக்கு மேடு என்றால் வாய்க்கால் கரை, பள்ளம் என்றால் அதன் மறுபக்கம். நிறுத்துவதற்கு முன்னால் வண்டியே பாதி நின்றிருக்கும். உங்கள் இறக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆகையால் சில விஷயம் பார்த்து எழுதுங்கள். பெடலை நாலைந்து தடவை அடித்தால் மேலே ஏறுகிறதா? ஏறினால் குழாயில் காற்று இருக்கும், இல்லாவிட்டால் அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்திருக்கும். அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் மெல்ல உள்ளே போகிறதா? போனால் எங்கோ கசிகிறது. இரண்டும் இல்லாவிட்டால், தூறல் என்று சொன்னீர்களே, சக்கரத்திலுள்ள பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கலாம். சமதளத்தில் லேசாகப் பிரேக்கை அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், சூட்டில் காய்ந்து பிடி திரும்ப வந்துவிடும்.

அனுப்பும்போது நான் எதையும் விட்டுவைக்கவில்லை. பிரேக் ஆயில் புதுசு மாற்றினேன். லைனிங் பாதிக்கு மேல் இருந்தது, கண்ணால் பார்த்தேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அடித்தகரம் துருப்பிடிக்காமல் இருக்கக் கழிவு ஆயிலில் டீசல் கலந்து அடியில் ஸ்ப்ரே பண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம். சந்தையில் காசு வாங்கிக்கொண்டு அடிப்பவர்கள் அவசரத்தில் அடிப்பார்கள் என்று நானே பாய் விரித்து அடியில் படுத்து அடித்தேன். எப்போதும் ஒரு பூச்சுதான். உங்கள் மலை மழை பொல்லாதது என்று இந்தத் தடவை சக்கரத்துக்கு உள்பக்கமெல்லாம் விடாமல் இரண்டு பூச்சு அடித்தேன். முடித்து எழுந்தபோது என்னைப் பார்த்து நாயே குரைத்தது.

பார்த்து எழுதவும். அதுவரை மாரீஸ்வரியை அதில் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ப. அர்த்தநாரி


சின்னக்கானல்,
24-6-2023

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். லாரிக்கால் செல்லத்துரை எழுதுவது. உங்கள் கடிதத்தை மூக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டியது என் தப்பு. இப்போது வீட்டில் எந்தப் பாத்திரம் விழுந்தாலும் "லாரிக்காலு வச்சிட்டாக" என்கிறாள்.

நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடித்தால் பெடல் ஏறவில்லை, ஆகவே காற்று இல்லை. ஒரு பாட்டு ஓடி முடிகிற வரை அழுத்திப் பிடித்தேன், இறங்கவும் இல்லை, ஆகவே கசிவும் இல்லை. காற்றும் இல்லை, கசிவும் இல்லை என்றால் மிதிப்பது ஒழுங்காகத்தான் சக்கரம் வரைக்கும் போகிறது. குறை சக்கரத்தில் இருக்கிறது. இவ்வளவையும் ஒரு துண்டு ஸ்பேனர் எடுக்காமல் உங்கள் காகிதமே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே ஊரில் பிறந்திருந்தால் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் போட்டிருக்கலாம். தினம் சண்டை போட்டிருப்போம் என்பது வேறு விஷயம்.

அப்புறம் தண்ணீரா என்று பார்க்க, ஃபாக்டரிப் பக்கத்துச் சமதளத்தில் பிரேக்கைத் தொட்டபடியே ஓட்டினேன். பிடி திரும்பவில்லை. சரி, இனி திறந்துதான் பார்க்க வேண்டும் என்று மூணாறிலிருந்து என் சிநேகிதர் சிலுவைராஜைக் கூட்டி வந்தேன். அவருக்கு ஜீப் என்றால் உயிர். நாலு டிரம்மையும் கழற்றினோம்.

பெரிதாக ஒன்றும் இல்லை, லைனிங்குக்கு வயசாகிவிட்டது. அவ்வளவுதான். பார்க்கும்போது கனமாகத்தான் இருக்கும், உள்ளுக்குள் செத்துப்போயிருக்கும் என்றார் சிலுவைராஜ். நாலுக்கும் புதுசு போட்டுவிட்டோம். இனி அடியில் ஆயில் அடிக்க வேண்டாம் என்றும் சொன்னார். எங்கள் மழைக்கு அது தங்காதாம், வீண் செலவாம்.

இப்போது பிரமாதமாகப் பிடிக்கிறது. நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மாரி நன்றாக இருக்கிறாள். பூவாத்தாள் அம்மா கொடுத்துவிட்ட எள்ளுருண்டையை எங்களுக்குக் கண்ணில்கூடக் காட்டாமல் அவளே தீர்த்துவிட்டாள். இன்னும் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

உங்கள் சம்பந்தி,
செல்லத்துரை


எருத்தேம்பதி,
8-7-2023

அன்புள்ள சம்பந்தி செல்லத்துரை அவர்களுக்கு,

பிரதீப் இரண்டு நாள் லீவில் வந்தான். எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் கனம் இருந்த லைனிங் எப்படிச் சாகும்? பழைய லைனிங்கை ஏன் ஒருத்தரும் எனக்குக் காட்டவில்லை? அவனைக் கேட்டேன். அவன் அவனுடைய அம்மா முகத்தைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பையன், அந்த ஒரு விஷயத்தில் என்னை மாதிரி.

மாரீஸ்வரி அவனிடம் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டான். டிரம்மைக் கழற்றியதும் கரேலென்று ஆயில் வழிந்ததையும், நான் சக்கரத்து உள்பக்கம் விடாமல் அடித்த ஆயில் பின்தட்டு ஓட்டை வழியாக உள்ளே இறங்கி உரசிப் பிடிக்க வேண்டிய லைனிங் முழுக்க ஊறி வழுக்கிக்கொண்டிருந்ததையும் சொன்னான். தண்ணீரைக் காய வைக்க நீங்கள் ஓட்டியபோது நாலு சக்கரத்திலும் எண்ணெய்ச் சட்டி கருகுகிற மாதிரி புகை வந்ததாம். நீங்கள் அதை எழுதவில்லை. புகையைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தண்ணீரென்றால் காயும், ஆயில் எங்கே காயும்? நன்றாக இருந்த பிரேக்கை நானே, என் கையால், பாய் விரித்துப் படுத்து, அக்கறையாகக் கெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். எழுந்து போகப் பார்த்தேன். அப்போதுதான் அவன், "அப்பா, அன்னிக்கு மாரியும் வண்டீலதானுங்கப்பா இருந்தா" என்றான். செக்கப்புக்காக நீங்கள் அவளைக் கூட்டிப் போன நாளாம் அது. நீங்கள் ஒரு கையால் ஸ்டீயரிங்கை வளைத்து, ஒரு கையால் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு திட்டில் ஏற்றினீர்களாம். அந்தப் பக்கம் மண் திட்டு, இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன். "பள்ளமுங்கப்பா" என்றான்.

எனக்கு முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். என்னிடம் மறைப்பதற்கு இவர் யார் என்று தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்புறம் என்னை உங்கள் இடத்தில் வைத்துப் பார்த்தேன். என் மகளை ஏற்றிய வண்டி அப்படிப் போயிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கல்யாணத்துக்கு வராதவன் அனுப்பிய வண்டி வேறெப்படி இருக்கும் என்று நாலு பேர் கேட்கப் பேசியிருப்பேன். நீங்கள் "நான் மட்டும்தான் இருந்தேன்" என்று எழுதினீர்கள். "லைனிங்குக்கு வயசாகிவிட்டது" என்று எழுதினீர்கள். நான் உங்கள் காலைக் குறை சொன்னதற்குக்கூட அதை வேடிக்கையாக்கி என்னைச் சிரிக்க வைத்தீர்கள். அந்நியனாக நினைத்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பீர்கள். சொந்தக்காரன் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்திருக்கிறீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பூவாத்தாளுக்கும் எல்லாம் தெரியும். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டே வேண்டுகோள். மாரீஸ்வரியை இனி அந்த ஜீப்பில் ஏற்றாதீர்கள். பிரசவத்துக்கு ஒரு நல்ல கார் பேசி வைக்கச் சொல்லிப் பிரதீப்பிடம் சொல்லியிருக்கிறேன். ஜீப்பை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் இனி அதன் ஸ்டீயரிங்கைத் தொடப் போவதில்லை. இரண்டாவது, குழந்தை பிறந்ததும் பூவாத்தாளை மட்டும் அனுப்புகிறேன். நான் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நன்றியுடன்,
அர்த்தநாரி


மூணாறு ஆஸ்பத்திரியிலிருந்து,
16-7-2023

அன்புள்ள சம்பந்திக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம். தாயும் பிள்ளையும் நலம். போனில் பிரதீப் சொல்லியிருப்பான், இருந்தாலும் என் கையால் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. ஆடி பிறப்பதற்கு முன்னால் வந்துவிட்டாள் என்று மூக்கம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்குக் கெட்டிக்காரத்தனம் போதாது, பேத்திக்குத்தான் பஞ்சாங்கம் தெரிகிறது என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். நர்ஸ் ஜெஸ்னா இரண்டு தடவை வந்து சத்தம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் படித்துவிட்டு உத்தரத்தில் செருகி வைத்தேன். மாரி எடுத்துப் படித்துவிட்டாள். மறைக்கத் தெரிந்தவன் என்று நீங்கள் என்னைப் பாராட்டியது இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. "மாமா இப்படி எழுதுவாகளாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்று மதியம் வலி வந்தது. நல்ல மழை. நீங்கள் பேசச் சொன்ன கார் சொன்னபடி வந்து வாசலில் நின்றது, டிரைவர் ஜோபி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே காரைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எங்க மாமா அனுப்பின வண்டி இருக்கையில எனக்கு எதுக்கு வாடகைக் காரு?" என்றாள். வலியோடு இருப்பவளிடம் வாதம் பண்ண முடியுமா? கார் பின்னாலேயே வந்தது, காலியாக.

நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். அதனால் இதையும் சொல்கிறேன். எனக்கும் அவள் ஒரே மகள். புது லைனிங் போட்ட பிறகு டிரம்மைப் பெட்ரோல் விட்டுக் கழுவினோம், அடியில் இருந்த ஆயிலைச் சோப்பும் மண்ணெண்ணெயுமாகத் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பிறகு உரமூட்டையை நிறைய ஏற்றி, அதே தேவிகுளம் இறக்கத்தில், மழையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். சந்தேகம் எள்ளளவு இருந்திருந்தால்கூட அவளைக் கையைப் பிடித்து இறக்கியிருப்பேன். நேற்று கேப் ரோட்டு மலைப்பாதையில் பனி மூடி முன்னால் போகும் வண்டியே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மிதித்த இடத்தில் நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் உங்களை நினைத்துக்கொண்டேன். வண்டி நல்ல வண்டி சம்பந்தி. அது இல்லாமல் நேற்றைக்கு நான் என்ன பண்ணியிருப்பேன்?

அப்புறம், நீங்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் எழுத வேண்டியதில்லை, மாரியே சொல்லிவிட்டாள், நான் எழுதுகிறேன். புதன்கிழமை வீட்டுக்கு விடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சின்னக்கானல் வரை அவளையும் பிள்ளையையும் ஜீப்பில் கூட்டிப் போக வேண்டியது நீங்கள்தானாம். அப்பா ஓட்டக்கூடாது, அவரும் ஓட்டக்கூடாது, மாமாதான் ஓட்ட வேண்டும், மாமா வரும்வரை நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். ஜெஸ்னாவிடமும் சொல்லிவிட்டாள். பிரதீப் இன்று கிளம்பி உங்கள் இரண்டு பேரையும் அழைத்து வர வருகிறான். அவன் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூக்கம்மாளைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. பாதைக்குப் பயப்படாதீர்கள், மெதுவாகப் போகலாம், நமக்கு எந்த அவசரமும் இல்லை. பெடலை லேசாகத் தொட்டாலே இப்போது பிடிக்கிறது. ஓங்கி மிதித்துவிடாதீர்கள், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் சம்பந்தி,
செல்லத்துரை